கர்ப்பிணி யூரினில் போவது 'உப்பு' இல்லை! 3-வது மாதமே உடம்புக்குள் தொடங்கும் சண்டை

ஈரோடு:

மாசமாக இருக்கும் பெண்ணுக்கு கால் வீங்குகிறது. யூரின் டெஸ்ட் எடுத்தால் "உப்பு இருக்கு" என்கிறார்கள். உடனே வீட்டில் ஊறுகாய் கட். கருவாடு கட். அப்பளம் கட். பார்லி கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, "நீர் இறங்கிடும், பயப்படாதே" என்று அம்மாவும் மாமியாரும் தைரியம் சொல்கிறார்கள்.

ஆனால் யூரினில் போவது உப்பே கிடையாது. அது ஆல்புமின் என்ற புரதச்சத்து. அந்தக் காலத்து லேப்களில் யூரினை கண்ணாடிக் குழாயில் ஊற்றி காய்ச்சிப் பார்ப்பார்கள். புரதம் இருந்தால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெள்ளையாகத் திரியும். எப்படியோ அதற்கு 'உப்பு' என்று பேர் நிலைத்துவிட்டது. பேர் தப்பாக இருப்பதால் வைத்தியமும் தப்பாகப் போகிறது. கருவாட்டை நிறுத்தியதால் இந்த நோய் நின்றதாக எந்த டாக்டரும் சொல்வதில்லை.

இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பேர் பிரி-எக்லாம்ப்சியா. 5-வது மாதத்துக்கு மேல் பி.பி. 140-க்கு 90 அல்லது அதற்கு மேலே போய், கூடவே யூரினில் புரதம் போவதுதான் இதன் பொதுவான அடையாளம். முற்றினால் வலிப்பு வரும். நம்ம ஊர் கிழவிகள் "ஜன்னி கண்டுடுச்சு" என்று சொல்வார்களே, அது பல நேரம் இதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 100 கர்ப்பிணிகளில் 3 முதல் 8 பேருக்கு இந்த நோய் வருகிறது. வருஷத்துக்கு சுமார் 46 ஆயிரம் தாய்மார்கள் சாகிறார்கள். வயிற்றிலேயோ பிறந்த கையோடோ இறக்கும் பிள்ளைகள் சுமார் 5 லட்சம்.

காலில் வீக்கமும் பி.பி.யும் தெரிவது 7-வது, 8-வது மாதத்தில். ஆனால் வேர் பிடிப்பது 3-வது, 4-வது மாதத்திலேயே. அதுவும் உப்பாலோ சாப்பாட்டாலோ அல்ல. உடம்பின் எதிர்ப்பு சக்திக்கும் வயிற்றில் வளரும் நஞ்சுக்கொடிக்கும் இடையே ஒத்துப்போகாமல் போவதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது என்று கடந்த 25, 30 வருஷ ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

பாதி அம்மா, பாதி அப்பா

ஒருவருக்கு கிட்னி மாற்று ஆபரேஷன் நடக்கிறது. சொந்த அண்ணன் கொடுத்த கிட்னியாக இருந்தாலும் காலம் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை அந்நியன் என்று நினைத்து அடித்து நொறுக்கிவிடும்.

வயிற்றுப் பிள்ளையும் அப்படிப் பார்த்தால் பாதி அந்நியன்தான். பாதி அம்மாவின் வித்து, பாதி அப்பாவின் வித்து. அப்படி இருந்தும் ஒரு மாத்திரையும் இல்லாமல் 10 மாதம் உடம்பு அதைத் தாங்குகிறது. இது எப்படி என்ற கேள்வியை 1953-லேயே கேட்டவர் இங்கிலாந்து விஞ்ஞானி பீட்டர் மெடாவர். 1960-ல் நோபல் பரிசு வாங்கியவர். இன்றுவரை முழு பதில் கிடைக்கவில்லை. ஆனால் பாதி பதில் கிடைத்திருக்கிறது.

கரு தங்கியதும் கர்ப்பப்பையின் உள் சுவரில் ஒருவகை வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து குவிகின்றன. முதல் 3 மாதத்தில் அங்கே இருக்கும் வெள்ளை அணுக்களில் 10-க்கு 7 இந்த வகைதான். இவற்றின் பேரே 'இயற்கை கொலையாளி' செல்கள். பேரைக் கேட்டால் பகீர் என்கிறது. ஆனால் கர்ப்பப்பைக்குள் இவை பிள்ளையைக் கொல்ல வருவதில்லை. நஞ்சுக்கொடியின் செல்களோடு சேர்ந்து ரத்தக்குழாய்களை அகலப்படுத்தும் வேலையில் உதவுகின்றன. இன்னொரு வகை வெள்ளை அணுக்கள், "இது நம்ம பிள்ளை, கை வைக்காதே" என்று மற்ற அணுக்களை அடக்கி வைக்கின்றன. பிரி-எக்லாம்ப்சியா வந்த பெண்களுக்கு இந்த அடக்கி வைக்கும் அணுக்கள் குறைவாக இருப்பதைப் பல ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 2004-ல் இன்னொன்றையும் சொன்னார்கள். அம்மாவின் இந்த செல்களில் இருக்கும் ஒரு மரபணுவும், பிள்ளையிடம் இருக்கும் ஒரு மரபணுவும் குறிப்பிட்ட வகையில் ஜோடி சேர்ந்தால் இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறதாம். பத்துப் பொருத்தம் பார்த்து கல்யாணம் செய்யும் ஊரில் இந்தப் பொருத்தத்தைப் பார்க்க வழியில்லை. ஆஸ்பத்திரிகளில் அதற்கு டெஸ்ட்டும் நடைமுறையில் இல்லை.

கடைமடைக்கு வராத தண்ணீர்

கீழ்பவானி பாசன விவசாயிகளுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். வாய்க்கால் குறுகலாக, தூர்ந்து கிடந்தால் அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்குப் போய்ச் சேராது.

கர்ப்பப்பையில் சுருள் சுருளாக இருக்கும் ரத்தக்குழாய்கள் சாதாரண நேரத்தில் மெல்லியவை. பிள்ளை வளர வளர ரத்தம் அதிகம் வேண்டும். அதனால் நஞ்சுக்கொடியின் செல்கள் அந்தக் குழாய்களுக்குள் நுழைந்து சுவரை இளக்கி, வாய்மடையை அகலமாக்குகின்றன. 5-வது மாதத்துக்குள் இந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிட வேண்டும். எதிர்ப்பு சக்தி ஒத்துழைக்காவிட்டால் வேலை அரைகுறையாக நிற்கிறது. குழாய் குறுகலாகவே இருக்கிறது. பிள்ளை சின்னதாக இருக்கும்வரை தெரியாது. பிள்ளை பெரிதாகி ரத்தம் அதிகம் கேட்கும்போதுதான் பற்றாக்குறை வெடிக்கிறது.

ரத்தம் சரியாகக் கிடைக்காத நஞ்சுக்கொடி சும்மா இருப்பதில்லை. தன்னிடம் இருந்து துகள்களையும் ரசாயனங்களையும் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதில் முக்கியமான ஒரு புரதத்தை 2003-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கண்டுபிடித்துக் காட்டியது இந்திய வம்சாவளி டாக்டர் அனந்த் கருமஞ்சியின் குழு. ரத்தக்குழாயின் உள்பூச்சை நல்லபடியாக வைத்திருக்கும் சத்தை இந்தப் புரதம் வழிமறித்துப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் புரதத்தை அளந்து, கர்ப்பிணிக்கு நோய் முற்றுமா என்று முன்கூட்டி சொல்லும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசு 2023-ல் அனுமதி கொடுத்தது. 20 வருஷ உழைப்பு.

உள்பூச்சு கெட்டால் என்ன ஆகும்? ரத்தக்குழாய் இறுகும். பி.பி. எகிறும். கிட்னியின் சல்லடை ஓட்டையாகும். புரதம் யூரினில் ஒழுகும். நாம் 'உப்பு' என்று சொல்வது கடைசியில் வரும் இந்த ஒழுகலைத்தான்.

சுகமான கர்ப்பத்திலும் லேசான காய்ச்சல்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் டாக்டர் கிறிஸ் ரெட்மன் குழு 1998, 1999-ம் வருஷங்களில் வெளியிட்ட ஆய்வு பலரையும் ஆச்சரியப்படுத்தியது. நல்லபடியாக இருக்கும் கர்ப்பிணியின் ரத்தத்திலும் கடைசி மாதங்களில் அழற்சியின் அடையாளங்கள் இருக்கின்றன. அழற்சி என்றால், காயம் பட்ட இடம் சிவந்து வீங்கி சூடாகுமே, அதே வேலை ரத்தக்குழாய் முழுக்க நடப்பது. எல்லா கர்ப்பிணிக்கும் இது அடுப்பில் சிம்மில் எரிகிற மாதிரி எரிகிறது. அது கட்டுமீறி முழு ஜுவாலையாக எரிந்தால் அதுதான் பிரி-எக்லாம்ப்சியா என்பது அவர்கள் கருத்து.

யாருக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்று பார்த்தால் இந்தக் கருத்தில் விஷயம் இருப்பது தெரிகிறது. உடம்பில் ஏற்கனவே அழற்சி இருப்பவர்கள்தான் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். உடல் பருமன், சர்க்கரை நோய், கிட்னி கோளாறு, எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் எல்லாம் இதில் அடக்கம். இரட்டைப் பிள்ளை என்றால் நஞ்சுக்கொடியின் பாரம் கூடுதல், ஆபத்தும் கூடுதல். வேறு பெண்ணின் கருமுட்டையை தானமாக வாங்கி கர்ப்பமானவர்களுக்கும் இந்த நோய் அதிகம். அங்கே பிள்ளை பாதி அந்நியன் அல்ல, முழு அந்நியன். கருத்தரிப்பு மையங்கள் பெருகிவிட்ட ஊரில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கொரோனா காலத்திலும் இது தெரிந்தது. கர்ப்ப காலத்தில் கொரோனா வந்த பெண்களுக்கு பிரி-எக்லாம்ப்சியா வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடியதாக 2021-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டார்கள்.

தலைச்சன் பிள்ளைக்கு ஏன் அதிகம்?

முதல் பிரசவத்தில்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. அப்பாவின் வித்துக்கு அம்மாவின் உடம்பு பழகவில்லை என்பது ஒரு விளக்கம். மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள குவாதலூப் தீவில் 1,011 பெண்களை ஆராய்ந்து 1994-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முதல் கர்ப்பத்தில் 100-க்கு 12 பேருக்கு பி.பி. ஏறியிருந்தது. அதே கணவரோடு அடுத்த கர்ப்பம் என்றால் 5 பேருக்கும் குறைவு. ஆனால் வேறு ஒருவரோடு சேர்ந்து கர்ப்பமானவர்களில் 24 பேர். சேர்ந்து வாழ்ந்த காலம் குறையக் குறைய ஆபத்து கூடியது என்றும் அந்த ஆய்வு சொன்னது.

இதை வைத்து யாரும் வீட்டில் சந்தேகக் கேஸ் போட வேண்டாம். நார்வே நாட்டில் பல லட்சம் பிரசவங்களின் பதிவேட்டைப் பார்த்தவர்கள் 2002-ல் வேறு மாதிரி சொன்னார்கள். ஆள் மாறியது காரணம் அல்ல, இரண்டு பிரசவத்துக்கும் நடுவே விழுந்த நீண்ட இடைவெளிதான் காரணம் என்றார்கள். 10 வருஷம் கழித்து மறுபடி கர்ப்பமானால் உடம்பு தலைச்சன் பிள்ளை போலவே நடந்துகொள்கிறதாம். இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. கல்யாணமான கையோடு கர்ப்பமான பெண்ணும், மூத்தது 5-ம் வகுப்பு படிக்கும்போது மறுபடி முழுகாமல் இருக்கும் பெண்ணும் பி.பி. விஷயத்தில் அசட்டையாக இருக்கக்கூடாது. அதில் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை.

ஒரு சின்ன மாத்திரை, ஒரே ஒரு நிபந்தனை

நோய் 3-வது மாதத்தில் வேர் விடுகிறது என்றால் வைத்தியமும் அப்போதே தொடங்க வேண்டும் அல்லவா? அதற்கு மருந்து இருக்கிறது. அதுவும் மலிவு மருந்து. நெஞ்சுவலிக்காரர்கள் சாப்பிடும் ஆஸ்பிரின், குறைந்த அளவில்.

ஆபத்து அதிகம் உள்ள கர்ப்பிணிகளுக்கு 75 மில்லி கிராம் ஆஸ்பிரின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது. 2017-ல் லண்டன் டாக்டர் நிகோலாய்டிஸ் குழு, ஆபத்து அதிகம் என்று கண்டறியப்பட்ட 1,776 பெண்களிடம் சோதனை நடத்தியது. தினமும் ராத்திரி 150 மில்லி கிராம் சாப்பிட்டவர்களில் 100-க்கு 1.6 பேருக்குத்தான் குறைமாதத்திலேயே தாக்கும் கடுமையான வகை வந்தது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3 பேருக்கு வந்தது.

நிபந்தனை என்னவென்றால், 4-வது மாதம் முடிவதற்குள் தொடங்க வேண்டும். வாய்க்கால் வெட்டும் வேலை முடிந்த பிறகு 7-வது மாதத்தில் தொடங்கினால் பெரிதாக பிரயோஜனம் இல்லை. இதை எல்லோரும் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது. அல்சர், ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே.

கால்சியம் மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூருவில் 11 ஆயிரம் பெண்களிடமும், ஆப்பிரிக்காவின் டான்சானியாவில் 11 ஆயிரம் பெண்களிடமும் நடத்திய சோதனை முடிவு 2024-ல் வந்தது. இந்த நோயைத் தடுப்பதில் தினமும் 1,500 மில்லி கிராம் சாப்பிட்டவர்களை விட 500 மில்லி கிராம் சாப்பிட்டவர்கள் எந்த விதத்திலும் குறைந்துவிடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் வெள்ளை மாத்திரை அதுதான். அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒதுக்கி வைக்கும் வீடுகள் எத்தனை என்று நர்சம்மாக்களுக்குத்தான் தெரியும். ஒரே விஷயம், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக்கூடாது.

ஆக, 12 வாரத்துக்குள் பெண் சுகாதார நிலையத்துக்கு வந்துவிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை 2018-ல் 18 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தபோது 12 வாரத்துக்குள் பதிவு செய்தால் முதல் தவணை என்று வைத்தார்கள். பணத்துக்காகவாவது சீக்கிரம் வருவார்கள் என்பது கணக்கு. வருகிறார்கள். ஆனால் பல பெண்களுக்கு அந்த முதல் வருகை நம்பர் வாங்குவதோடு முடிகிறது. முந்தின பிரசவத்தில் பி.பி. இருந்ததா, அம்மாவுக்கு, அக்காவுக்கு இருந்ததா, கிட்னி கோளாறு உண்டா என்ற 4 கேள்விகளை கூட்டத்தில் யார் நிதானமாகக் கேட்பது? மாத்திரை வேண்டிய பெண் அங்கேயே நழுவிவிடுகிறாள். இதைச் சரிசெய்ய புது கட்டிடமோ புது மெஷினோ தேவையில்லை.

7-வது மாதத்தில் நடக்கும் இடமாற்றம்

இன்னொரு ஓட்டை நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். பவானியில் பதிந்த பெண் தாராபுரத்துக்குப் போகிறாள். அதுவரை பார்த்த நர்ஸ் வேறு, இனி பார்க்கப்போகும் நர்ஸ் வேறு. போன மாதம் பி.பி. 110-க்கு 70 இருந்தது என்பது பழைய நர்சுக்குத் தெரியும். இப்போது 136-க்கு 88 என்றால், புது நர்சுக்கு அது 140-ஐ தாண்டாத நார்மல். அட்டை கையில் இருந்தால் ஏறுமுகம் தெரியும். அட்டை மாமியார் வீட்டு பீரோவில் இருந்தால்?

நோய் முகம் காட்டும் மாதமும் பெண் ஊர் மாறும் மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டது. வழக்கத்தை மாற்றச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. சீர்வரிசைத் தட்டோடு அட்டையையும் எடுத்து வைத்தால் போதும்.

தறிப்பட்டறை, பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு இன்னொரு கஷ்டம். சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை. போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் போகிறார்கள். போன இடத்தில் பி.பி. கூடியிருந்தால், "பஸ்சை விட்டு இறங்கி ஓடியாந்தேன், அதான்" என்று அவர்களே சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் சாய்ந்து உட்கார வைத்து கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் கூடியிருந்தால் அது ஓடி வந்த பி.பி. அல்ல.

தலைவலி விடாமல் இருப்பது, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென ஊதுவது, மேல் வயிற்றில் வலது பக்கம் வலிப்பது. இதில் கடைசியைத்தான் நிறைய பேர் "கேஸ்" என்று சோடா குடித்து சமாளிக்கிறார்கள். அது ஈரல் வீங்கும் வலியாக இருக்கலாம். பி.பி. ஏறி இந்த அறிகுறிகளும் இருந்தால், யூரினில் புரதம் இல்லாவிட்டாலும் இப்போது டாக்டர்கள் இதை பிரி-எக்லாம்ப்சியா என்றே எடுத்துக்கொள்கிறார்கள். "யூரின் கிளீன்" என்று நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

எட்டாம் மாதமே எடுப்பது ஏன்?

நோய் வந்தபின் முழு வைத்தியம் ஒன்றுதான். நஞ்சுக்கொடி வெளியே வர வேண்டும். பிள்ளையே இல்லாமல் நஞ்சு மட்டும் திராட்சைக் கொத்து மாதிரி வளரும் முத்துக்கருவிலும் இந்த நோய் வருகிறது. குற்றவாளி பிள்ளை அல்ல, நஞ்சுக்கொடி என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

அதனால்தான் 8-வது மாதத்திலேயே ஆபரேஷன் செய்து எடுக்கும் நிலை வருகிறது. ஆஸ்பத்திரி வாசலில் தகராறு கிளம்புவதும் இங்கேதான். "ஏழாம் மாசம் பொறந்தா பொழைக்கும், எட்டாம் மாசம் பொழைக்காது" என்ற பழங்கதையை இன்னமும் நம்புகிறார்கள். உண்மை நேர் எதிர். வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. டாக்டர்கள் நாளை எண்ணிக்கொண்டு காத்திருப்பதும், நுரையீரல் பலப்பட ஊசி போடுவதும் அதற்காகத்தான். தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் காத்திருக்க முடியாது.

வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. 33 நாடுகளில் சுமார் 10 ஆயிரம் பெண்களிடம் நடந்த சோதனையில் வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் கீழே குறைந்தது. முடிவு வெளியானது 2002-ல். பர்கூர், தாளவாடி மலையில் இருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் இறங்கி பெருந்துறை வந்து சேரும்வரை இந்த ஊசிதான் பாதுகாப்பு. முதல் டோசை போட்டுவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. "வண்டி வந்துடுச்சு, அங்க போய் போட்டுக்கலாம்" என்று அனுப்பினால் வழியிலேயே வலிப்பு வரலாம்.

தமிழ்நாடு இதில் நிறைய முன்னேறியிருக்கிறது என்பதை மறைக்க வேண்டாம். 2001-03-ல் 1 லட்சம் பிள்ளைகள் பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது. அப்போது நாடு முழுவதுக்குமான கணக்கு 97. ஆனால் பாலக்காடு கணவாயைத் தாண்டினால் கேரளாவில் அதே வருஷங்களில் 19 தான் என்பது குறிப்பிடத்தக்கது. 

பிள்ளை பிறந்த பிறகும்...

பிரசவம் முடிந்தால் ஆபத்து முடிந்தது என்று மூட்டை கட்டுகிறார்கள். நஞ்சுக்கொடி போய்விட்டாலும் அது ரத்தத்தில் மூட்டிய அழற்சி அணைய நாள் பிடிக்கும். பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் வரைக்கும் பி.பி. எகிறி வலிப்பு வரலாம். முதல் சில நாட்கள்தான் மிகவும் மோசம். அந்த நேரத்தில் தலைவலி என்று சொன்னால், "தூக்கம் கெட்டதால இருக்கும்" என்று தைலம் தேய்த்துவிடுகிறார்கள்.

அதோடும் விடுவதில்லை. இந்த நோய் வந்து போன பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர பி.பி. வரும் வாய்ப்பு மற்றவர்களை விட சுமார் 4 மடங்கு, மாரடைப்பு உள்ளிட்ட இதய நோய் வாய்ப்பு சுமார் 2 மடங்கு என்று 2007-ல் வெளியான தொகுப்பு ஆய்வு கூறுகிறது. 25 வயதில் பிரசவத்தில் பி.பி. வந்த பெண், 45 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்தப் பழைய கதையை யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை, மறந்தே போயிருக்கும்.

குழந்தைக்கு 45-வது நாள் தடுப்பூசி போட எல்லோரும் தவறாமல் வருகிறார்கள். அதே புதன்கிழமை, அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கையில் பி.பி. பட்டையைச் சுற்ற 2 நிமிஷம் ஆகும்.